மார்னிங்டன் பெனின்சுலாவில் ஒரு கோடை வார இறுதி: முதல்முறை ஒயின் சுவைக்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் ஏழு பேர், இரண்டு கார், ஜனவரி நீண்ட வார இறுதி. ஆறு இடம் பார்ப்பதாகத் திட்டம். பார்த்தது இரண்டு. முதலில் போன இடத்தில், “ஏழு பேர் என்றால் புக்கிங் வேண்டுமே” என்று வாசலிலேயே சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கும் மேசை கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்று சிப்ஸ் பாக்கெட் பிரித்தோம். ஆசையாக வாங்கிய நான்கு பாட்டிலும் கார் டிக்கியில் வெந்து போயின. அதற்கப்புறம் மூன்று கோடை போய்வந்துவிட்டேன். நாங்கள் பட்டதை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேர ஓட்டம். மேற்கே போர்ட் பிலிப் விரிகுடா, கிழக்கே வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. மூன்று பக்கமும் கடல் என்பதால் கோடையிலும் காற்று குளிர்ந்து வரும். அதனால்தான் இங்கே பினோ நுவாரும் (சிவப்பு ஒயின் திராட்சை) ஷார்டனேயும் (வெள்ளை ஒயின் திராட்சை) நன்றாக வருகின்றன. சின்னதும் பெரியதுமாக ஐம்பது செல்லர் டோர்கள் வரை உண்டு. செல்லர் டோர் என்றால் தோட்டத்திலேயே சுவைத்துப் பார்த்து வாங்கும் கவுன்ட்டர்.

1. யார் ஓட்டுவது? முதலில் இதை முடியுங்கள்

எங்கே போவது என்பதெல்லாம் அப்புறம். யார் குடிக்கப் போவதில்லை என்பதை ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கிளம்புகிற காலையில் பேசினால் சண்டைதான் வரும்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முழு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ரத்த ஆல்கஹால் 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். பி பிளேட் (புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்), எல் பிளேட் (ஓட்டப் பழகுகிறவர்) என்றால் பூஜ்யம். இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியிருப்பார், வயது முப்பத்தைந்து இருக்கும், ஆனால் இங்கே வந்து லைசென்ஸ் எடுத்தபோது கையில் கொடுத்தது பி பிளேட்டாக இருக்கலாம். எங்கள் நண்பர் ஒருவர் அப்படித்தான். “ஒரு மடக்குதானே மச்சான்” என்று கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். அவர் மனைவிதான் கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை பி-யை நினைவுபடுத்தினார். அன்று முழுக்க சோடாவைக் குடித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று: எல் பிளேட்காரரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பவரும் 0.05-க்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

“டேஸ்டிங்தானே, சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவார்கள்” என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊற்று 30 மில்லி, ஒரு இடத்தில் ஆறு ஒயின் என்றால் 180 மில்லி. 13.5 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட 19 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க் என்பது 10 கிராம். அதாவது ஓர் இடத்துக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று இடத்துக்கு ஆறு. உடம்பு அதைக் கழிக்கும் வேகம் தோராயமாக மணிக்கு ஒன்று. காபி குடித்தாலோ முகம் கழுவினாலோ அது வேகமாகிவிடாது.

வார இறுதிகளில் போலீஸ் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். 0.05-ஐத் தொட்டால் முதல் தடவையாக இருந்தாலும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் போகும். அது திரும்பக் கிடைத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் இன்டர்லாக் கருவியைக் காரில் மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்தச் செலவும் உங்களுடையதே.

குடிக்காதவர் யாருமே இல்லை என்றால் டூர் பஸ். மெல்பர்னிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும் வண்டிக்கு ஆளுக்கு 150 டாலரிலிருந்து 200-க்கு மேலும் ஆகும். பெரும்பாலும் டேஸ்டிங்கும் சாப்பாடும் அதிலேயே அடங்கிவிடும். ரயிலை நம்பாதீர்கள். ஃபிராங்ஸ்டன் வரை ரயில் போகும். அங்கிருந்து 788 பஸ் கடலோரமாக டிரோமானா, ரோஸ்பட், சொரென்டோ வழியாக போர்ட்ஸீ போகும். தோட்டங்கள் இருப்பதோ மேலே குன்றில். அங்கே டாக்சியும் ஊபரும் கூப்பிட்ட நேரத்துக்கு வராது.

2. தேதி

டிசம்பர் 26-லிருந்து ஜனவரி கடைசி வரை மெல்பர்னே இங்கேதான் இருக்கும். தங்கும் விலை ஏறும், இரண்டு மூன்று இரவாவது எடுத்தாக வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் முதல் இரண்டு வாரம், இல்லையென்றால் பள்ளி திறந்த பிறகு பிப்ரவரி. பிப்ரவரியில் கொடியில் திராட்சை நிறம் மாறி நிற்கும், கண்ணுக்கும் விருந்து. மார்ச்சுக்குத் தள்ளினால் அறுவடை நேரம், சின்ன இடங்களில் உங்களோடு நின்று பேச ஆள் இருக்காது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ரெட் ஹில் சந்தை கூடும். சந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் அந்த ஒற்றைச் சாலையில் மாட்டினால் பதினொரு மணி புக்கிங்கை மறந்துவிடுங்கள். பொது விடுமுறை நாளில் பல உணவகங்களில் 10, 15 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு, சில இடங்களில் ஞாயிறுக்கும் உண்டு.

போவதற்கு இரண்டு நாள் முன்பு வெப்பநிலையைப் பாருங்கள். 38, 40 டிகிரி என்று போட்டிருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. டோட்டல் ஃபயர் பேன் (காட்டுத்தீ அபாயத்தால் வெளியே தீ மூட்டத் தடை) நாளாக இருந்தால் அவசர எச்சரிக்கைகள் வரும் விக்எமர்ஜென்ஸி ஆப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குன்றுச் சாலைகள் மரங்கள் அடர்ந்தவை, குறுகலானவை.

3. சாப்பாட்டை முதலில் புக் செய்யுங்கள்

எல்லாரும் செல்லர் டோரை முதலில் புக் செய்வார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கிடைக்கக் கஷ்டமானது மதிய மேசைதான். அது எந்த ஊரில், எத்தனை மணிக்குக் கிடைக்கிறதோ அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள்.

பெரிய உணவகங்களுக்கு ஜனவரி என்றால் ஒரு மாதம் முன்பே பாருங்கள். கார்டு விவரம் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஆள் குறைந்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், அந்த விதியைப் படித்துவிட்டு எண்ணிக்கையைப் போடுங்கள். சைவம், முட்டை கூடாது என்பதையெல்லாம் புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள். செட் மெனு இடங்களில் வந்து உட்கார்ந்தபிறகு சொன்னால் கிடைப்பது வறுத்த காலிஃபிளவர்தான்.

செல்லர் டோருக்கு இரண்டு பேர், நான்கு பேர் என்றால் பல இடங்களில் சும்மாவே போய் நிற்கலாம். ஆறுக்கு மேல் என்றால் புக்கிங் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை காலை 11-க்குத் திறந்து மாலை 5-க்கு மூடும், கடைசி டேஸ்டிங்கை நாலரைக்கே நிறுத்திவிடுவார்கள். சின்னக் குடும்பத் தோட்டங்கள் வார இறுதி மட்டும், சில மாதத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும் திறக்கும். கூகுள் மேப் நேரத்தை நம்பாமல் அவர்கள் தளத்தையே பாருங்கள்.

4. ஒரு நாளைக்கு மூன்று, அதுவும் ஒரே பக்கம்

ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும். நான்காவது இடத்தில் நாக்கு மரத்துவிடும். எது எப்படி இருந்தது என்று மறுநாள் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பெனின்சுலாவை மனசுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குன்றின் மேலே ரெட் ஹில், மெயின் ரிட்ஜ். கிழக்கே இறங்கினால் மெரிக்ஸ், பால்னாரிங். வடக்கே தாழ்வாக மூருடக், விரிகுடாப் பக்கம் டிரோமானா. மேலே குளிர் அதிகம், பழம் தாமதமாகப் பழுக்கும். கீழே முன்னாடியே பழுத்துவிடும். அதனால் ஒரே பினோ நுவார் மேலே ஒரு மாதிரி இருக்கும், கீழே வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் நாக்கிலேயே பிடிபடும். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

டென் மினிட்ஸ் பை டிராக்டர் என்று மெயின் ரிட்ஜில் ஓர் இடம். தொடக்கத்தில் இருந்த மூன்று தோட்டங்களுக்கு நடுவே டிராக்டரில் பத்து நிமிடம்தான் தூரம், பெயர் அதனால் வந்தது. தோட்டம் தோட்டமாகத் தனித்தனியே பாட்டிலில் அடைத்த ஒயின் அங்கே உண்டு. குழந்தைகளோ, குடிக்காத பெரியவர்களோ கூட இருந்தால் பாயின்ட் லியோ எஸ்டேட்டும் மொன்டால்டோவும் சரியாக இருக்கும். இரண்டிலும் சிற்பங்களைப் பார்த்தபடி நடந்து சுற்றலாம். மெயின் ரிட்ஜிலேயே சன்னி ரிட்ஜ் ஸ்ட்ராபெரி பண்ணையும் இருக்கிறது. கோடையில் நாமே பறித்துக்கொள்ளலாம், காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை அங்கே ஓடவிட்டால் அப்புறம் மதியம் வரை அமைதி.

மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், குன்றில் சிக்னல் வந்து வந்து போகும்.

5. கையில் இருக்க வேண்டியவை

- எல்லாருக்கும் வயதுச் சான்று. 18 ஆகியிருந்தாலும் 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்பார்கள். ஆஸ்திரேலிய லைசென்ஸ் அல்லது பாஸ்போர்ட். போனில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ செல்லாது, ஆதாரும் செல்லாது.
- தற்காலிக விசாவில் வந்து ஊர் லைசென்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஆறு மாதக் கெடுவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விக்டோரியா லைசென்ஸுக்கு மாறியிருக்க வேண்டும். லைசென்ஸ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பும் கூட இருக்கட்டும்.
- புக்கிங் மின்னஞ்சல்கள் போனில் சேமித்தபடி.
- மெல்பர்னிலிருந்து வரும் வழியில் ஈஸ்ட்லிங்க் சாலைக்கு டோல் உண்டு, பூத் கிடையாது, கேமராதான். கணக்கு இல்லாதவர்கள் போவதற்கு முன்போ, போய்வந்த சில நாட்களுக்குள்ளோ இணையத்தில் பாஸ் வாங்கிவிட வேண்டும். விட்டால் வீட்டுக்கு பில் வரும், கூடுதல் கட்டணத்தோடு. வாடகைக் கார் என்றால் அதன் நிர்வாகக் கட்டணமும் சேரும். அதற்கப்புறம் வரும் பெனின்சுலா லிங்க் இலவசம்.

பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆனால் அப்பா அம்மா பக்கத்திலேயே இருந்தாலும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. “விரலால் தொட்டு நாக்கில் வை” விளையாட்டெல்லாம் அங்கே வேண்டாம், கடையின் லைசென்ஸுக்கே ஆபத்து.

6. கவுன்ட்டரில் என்ன செய்வது

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சென்ட் அடிக்காதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் மணம் கெடும். வெள்ளையில் தொடங்கி சிவப்புக்குப் போவார்கள். சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய். “எனக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது” என்று நேராகச் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் நன்றாக விளக்குவார்கள். நடித்தால் வழக்கமாக ஒப்பிக்கும் நாலு வரியோடு முடித்துக்கொள்வார்கள்.

துவர்ப்பு என்று நமக்கு ஒரு சொல் இருப்பது இங்கே பெரிய வசதி. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கில் ஒரு பிடிப்பு நிற்குமே, சிவப்பு ஒயினில் அவர்கள் டானின் என்பது அதைத்தான். இங்குள்ள பினோ நுவாரில் அது மெலிதாக இருக்கும். ஷார்டனேயில் பார்க்க வேண்டியது புளிப்பு: விழுங்கிய பிறகு கன்னத்தோரம் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள்.

கவுன்ட்டரில் ஒரு படிக்கம் இருக்கும். துப்புவதற்குத்தான். நம் ஆட்களுக்குக் கூச்சம், காசு கொடுத்ததைத் துப்புவதா என்று தயக்கம் வேறு. போன வருடம் என் மாமனாரை அழைத்துப் போயிருந்தேன். வெற்றிலை போட்டுப் பழகியவர். வாயில் ஒரு சுற்று சுற்றினார், உதட்டைக் குவித்தார், ஒரு துளி வெளியே தெறிக்காமல் படிக்கத்தின் நடுவில் விட்டார். ஊற்றிக்கொடுத்த பெண், இத்தனை சுத்தமாகத் துப்புகிறவரைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டாள். மாமா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதால் ஓட்டுநருக்கு இது வழி ஆகாது. மற்றவர்கள் மாலை வரை நிதானமாக இருக்க உதவும்.

திராட்சை வரிசைகளுக்குள் போய் போட்டோ எடுக்காதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள். பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் பரவும். மெல்பர்ன் பக்கத்து இன்னொரு ஒயின் பகுதியான யாரா வேலியில் (Yarra Valley) சில இடங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. முந்தின வாரம் அங்கே போட்ட ஷூவோடு இங்கே வராதீர்கள்.

7. செலவு

டேஸ்டிங் ஆளுக்கு 10 முதல் 25 டாலர், சிறப்பு ஒயின்கள் என்றால் அதற்கும் மேல். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு பாட்டிலுக்கு ஒருவர் கட்டணம்தானா, எல்லார் கட்டணமுமா என்று முதலிலேயே கேளுங்கள். நாங்கள் நான்கு பேர் கழியும் என்று நினைத்து ஒரே பாட்டிலோடு நின்றிருக்கிறோம். பீட்சா வகை மதியச் சாப்பாடு 30, 40 டாலரில் முடியும். மேசைத்துணி போட்ட உணவகம் என்றால் நூறை எளிதில் தாண்டும். நல்ல பினோ நுவார் பாட்டில் 40-லிருந்து 90 வரை. வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை, கட்டணம் கொடுத்துத்தான் சுவைக்கிறீர்கள்.

ஒரு பொறி: “மெம்பராகச் சேர்ந்தால் இன்றைய டேஸ்டிங் இலவசம்” என்பார்கள். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எல்லாமே நல்ல யோசனையாகத்தான் படும். அது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கார்டிலிருந்து தானாகவே பணம் எடுத்துப் பெட்டி அனுப்பும் திட்டம். குறைந்தது எத்தனை பெட்டி, எப்போது விலகலாம் என்று வீட்டுக்கு வந்து படித்துவிட்டுச் சேருங்கள்.

8. வாங்கிய பாட்டிலைக் காப்பாற்றுவது

கோடையில் நிறுத்திய கார் அடுப்பு. ஒரு மதியம் போதும், ஒயின் வேகவைத்த ஜாம் மாதிரி வாசம் அடிக்கும். மீன் வாங்கப் போகும் ஐஸ் பெட்டி ஒன்றும் இரண்டு ஐஸ் கட்டிப் பைகளும் எடுத்துப் போங்கள். அல்லது பணம் கட்டிவிட்டு, போகும் வழியில் எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே விட்டுவையுங்கள். மூடும் நேரத்தை மறக்க வேண்டாம். ஒரு டஜன் எடுத்தால் வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாம், பல இடங்களில் கூரியர் இலவசம்.

ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுபானம் வரை சுங்கவரி இல்லை. அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதுக்கு வரி கட்ட வேண்டும். ஒரே கடையில் 300 டாலருக்கு மேல் வாங்கி 60 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் டூரிஸ்ட் ரீஃபண்ட் திட்டத்தில் ஜிஎஸ்டியும், ஒயினுக்கென்று உள்ள வரியாக விலையில் 14.5 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். டாக்ஸ் இன்வாய்ஸ் வேண்டும், பணம் கொடுத்தவரே பயணிக்க வேண்டும். பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால், லக்கேஜ் போடுவதற்கு முன்பே விமான நிலையத்தில் எல்லைப்படை அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். இதைத் தெரியாமல் பெட்டியை பெல்ட்டில் அனுப்பிவிட்டால் அந்தப் பணம் போனதுதான். இரண்டு பாட்டிலுக்கு 300 டாலர் வராது, எனவே பெரும்பாலானவர்களுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை.

9. ஐந்து மணிக்கு மேல்

செல்லர் டோர் மூடிவிடும், ஆனால் ஜனவரியில் சூரியன் மறைய எட்டரையைத் தாண்டும். மூன்றரை மணி நேரம் மிச்சம். குடித்தவர்கள் நீச்சலுக்குப் போக வேண்டாம். குறிப்பாகத் தெற்கே கன்னமாட்டா போன்ற திறந்த கடல் பக்கம், அங்கே ரிப் (கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்) நிதானமாக இருப்பவரையே கொண்டுபோய்விடும். கால் நனைக்க வேண்டுமென்றால் விரிகுடாப் பக்கம் டிரோமானா, ரோஸ்பட். ஒரு பொட்டலம் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கிக்கொண்டு மணலில் உட்காரலாம். வெந்நீர் ஊற்றுக் குளியலை மறுநாள் காலைக்கு வையுங்கள், மதுவும் வெந்நீரும் சேர்ந்தால் தலைசுற்றும். இருட்டும் நேரத்தில் குன்றுச் சாலையில் கங்காரு குறுக்கே வரும், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு வரை எல்லாரும் மெல்பர்ன் திரும்புவார்கள். ஒன்று மதியம் இரண்டுக்கே கிளம்புங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்புங்கள். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சொரென்டோவில் காரை ஃபெர்ரியில் ஏற்றினால் 40 நிமிடத்தில் அக்கரையில் க்வீன்ஸ்க்ளிஃப். மணிக்கொரு படகு. அங்கிருந்து ஜீலாங் வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம். டிக்கெட் மலிவு இல்லை. ஆனால் நெரிசலில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் ஓட்டுநரும் மேல்தளத்தில் காற்று வாங்கலாம். கோடை ஞாயிறுகளில் அதையும் முன்பே புக் செய்துவிடுங்கள்.